மச்சான் பிடிக்கும் கயிறு

பிள்ளைகளோடு பாறையேறப் பாதுகாப்பான இடம் எது? திருத்தணி வட்டாரப் பாறைகளை முன்வைத்து ஒரு தேடல்

நீலகிரிக் குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் மலைத்தேன் எடுக்க இறங்கும்போது, மேலே கயிற்றுக்குக் காவல் நிற்பவர் யார் என்பதில் ஒரு வழக்கம் உண்டு என்பார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பி நிற்பதில்லை. மனைவியோடு பிறந்தவன்தான் நிற்க வேண்டும். தன் அக்காளோ தங்கையோ தனிமரமாகிவிடக் கூடாது என்ற கவலை அவனுக்குத்தானே இருக்கும்! அண்ணன் தம்பியை ஏன் நம்பவில்லை என்பதைச் சொத்துத் தகராறு பார்த்த குடும்பத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்று உலகம் முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் பாறையேறப் போகிறார்களே, அந்த விளையாட்டின் அடிப்படையும் இதே கேள்விதான். கயிறு யார் கையில்?

பாறையேற்றம் என்றதும் நம் மனதில் வருவது கயிறில்லாமல் தொற்றிக்கொண்டு போகும் சாகசக்காரர்களின் படம். சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் வெறுங்கையோடு ஏறும் ஜோதி ராஜின் வீடியோவைப் பார்க்காதவர் குறைவு. அது ஒரு தனிமனிதரின் துணிச்சல், நமக்கு வேண்டாம். குடும்பத்துக்கு ஏற்றது ‘டாப் ரோப்’ முறை. பாறை உச்சியில் பலமான பிடிமானம் அமைத்து, அதன் வழியாகக் கயிற்றை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். இரண்டு முனையும் தரைக்கு வரும். ஒரு முனை ஏறுகிறவரின் இடுப்பு வாரில் முடிச்சாகும். மறுமுனை தரையில் நிற்பவரின் இடுப்பிலுள்ள சிறு கருவிக்குள் நுழைந்து அவர் கைக்குப் போகும். ஏறுகிறவர் ஒரு அடி ஏறினால், கீழே இருப்பவர் ஒரு அடித் தொய்வை இழுத்துக்கொள்வார். பாறையேறிகள் இதை ‘பிலே’ என்கிறார்கள். கை வழுக்கினால் விழுவது ஓரிரு அடிதான். பிறகு அந்தரத்தில் தொங்கல், ஒரு சிரிப்பு, மறுபடியும் முயற்சி. பயிற்சி பெற்றவர் துணையோடு ஏழெட்டு வயதுப் பிள்ளையும் செய்யலாம், எழுபது வயதுப் பாட்டியும் செய்யலாம்.

சரி, எங்கே போய்ச் செய்வது?

கல்லுக்கா பஞ்சம்?

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு மின்சார ரயிலில் போனால், ஊர் நெருங்க நெருங்க சன்னலுக்கு வெளியே கல்லாகவே தெரியும். குன்று, குன்றின் தோளில் உருண்டைப் பாறை, அதற்குப் பின்னால் இன்னொரு குன்று. பாறையேற ஆசைப்படுகிறவருக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் கண்ணில் படும் கல்லையெல்லாம் ஏறும் கல்லாக எண்ணிவிட முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் தணிகைமலை. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்று கணக்குச் சொல்லும் மலை அது. டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவில் படிக்குப் படி பூசை செய்து, திருப்புகழ் பாடி ஏறுவார்கள். அங்கே ஏறும் முறை படி ஒன்றுதான். கோயில் மலையின் பக்கவாட்டுப் பாறையில் ஆணியடிக்கவும் கயிறு கட்டவும் நினைப்பது பக்தர்களுக்கு மரியாதைக் குறைவு, குரங்குகளுக்கு இலவசப் பொழுதுபோக்கு. இந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடுவோம். பக்கத்துச் சோளிங்கருக்கும் இதேதான். அங்கே யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள்; முடியாதவர்களுக்கு 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. இந்த வட்டாரத்தில் மலைக்கும் கயிற்றுக்கும் இப்போதைக்கு உள்ள உறவு அந்த ரோப் கார்தான்.

அடுத்தது கல் குவாரிகள். கைவிடப்பட்ட குவாரியின் சுவர் பார்க்கச் செங்குத்தாக, சுத்தமாக, ‘வா, ஏறு’ என்று கூப்பிடுவது போலவே இருக்கும். நம்பக் கூடாது. வெடி வைத்துப் பிளந்த கல் அது. வெடிப்பின் அதிர்வு சுவருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை விட்டுவைத்திருக்கும். இன்றைக்கு இழுத்துப் பார்த்தால் அசையாத துண்டு, நாளை உங்கள் மகன் கால் வைக்கும்போது பெயரும். வெளிநாடுகளில் பழைய குவாரிகளைப் பாறையேற்றக் களமாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு துண்டாகத் தட்டிப் பார்த்து, ஆடுவதையெல்லாம் நெம்பித் தள்ளிவிட்ட பிறகுதான் ஆட்களை விடுகிறார்கள். நம்மூர்க் குவாரிகளில் மழைநீர் தேங்கிய ஆழக் குட்டையும் காலடியிலேயே காத்திருக்கிறது.

மூன்றாவது குடியம். திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் குகைகள். உண்மையான செங்குத்துச் சுவர், நிழல், அமைதி. ஆனால் அந்தப் பாறை கூழாங்கற்கள் இறுகி உருவான திரள்கல். பாகில் பதிந்த கடலைமிட்டாய் மாதிரி, உருண்டைக் கற்கள் மண்ணும் மணலும் கெட்டிப்பட்ட சாந்தில் பதிந்து நிற்கின்றன. பிடித்த கல் கையோடு வந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் பல்லாவரத்திலும் பிறகு அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்த வரலாற்றின் தொடர்ச்சிதான் குடியம். கற்கால மனிதர் ஒதுங்கிய இடம். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் ஆய்வு வெளியானது. இப்படிப்பட்ட மண்ணில் பூட்ஸ் காலோடு பாறையைச் சுரண்டக் கூடாது. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் குடியம் குகைப் பாதையும் ஒன்று. எளிய பாதைகளின் வரிசையில் இருக்கிறது. பிள்ளைகளைப் பாறைக்குப் பழக்குவதற்கு முன் காட்டில் நடக்கப் பழக்க இது நல்ல இடம்.

நகரியின் மூக்கு

திருத்தணியைத் தாண்டி ரேணிகுண்டா பக்கம் போகும் ரயிலில் அடுத்த நிலையம் பொன்பாடி. அதையும் தாண்டினால் ஆந்திரம். வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்ற பலகையை முழுசாகப் படித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். இந்திய ரயில் நிலையப் பெயர்களிலேயே நீளமானவற்றில் ஒன்று. அதற்கப்புறம் நகரி. மலைகளின் தோற்றமே இங்கே மாறுகிறது. உருண்டைக் குன்றுகள் போய், மேலே தட்டையாக வெட்டிவிட்டது போன்ற உச்சியும் அதற்குக் கீழே நீளச் சுவரும் வருகின்றன. கடலில் வரும் மாலுமிகள் திசையறியப் பார்த்துவந்த ‘நகரி மூக்கு’ இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது.

இந்தச் சுவர் குவார்ட்சைட். மணற்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிக் கெட்டிப்பட்ட கல். கிரானைட்டில் கைப்பிடி தேடி அலைய வேண்டும், உள்ளங்காலின் உராய்வை நம்பித்தான் ஏற வேண்டும். குவார்ட்சைட்டோ அடுக்கடுக்காக உடைந்து, கூர்மையான விளிம்புகளைக் கொடுக்கும். விரலுக்குச் சுகம். கயிற்றுக்கு ஆபத்து; அதே விளிம்புதான் கயிற்றை அறுக்கும். அடுக்குகளுக்கு இடையே கழன்று நிற்கும் பலகைக் கற்களும் உண்டு. கைதேர்ந்தவர்கள் நகரிச் சுவரைப் பார்த்தால் கண் விரியும். முதன்முதலாகக் குழந்தையைக் கூட்டிப்போகிறவர் அண்ணாந்து பார்த்து ரசித்துவிட்டு வந்தால் போதும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. நகரி அந்தப் பக்கம் நின்றது. அந்தக் காடு ஆந்திர வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. செம்மரக் கடத்தலைத் தடுக்கக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கும் வட்டாரம் அது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலித்தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. முதுகில் பை, தோளில் கயிற்றுச் சுருள் என்று அனுமதியில்லாமல் அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் நுழைவது விளையாட்டுக் காரியம் இல்லை.

நம் பக்கத்திலும் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. சென்னையிலிருந்து போன மலையேற்றக் குழுவினரும் அதில் இருந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு மாநில அரசு முறையான விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. ‘நம்மூர்ப் பையன் கூட்டிப் போகிறான்’ என்பது அனுமதி ஆகாது.

உச்சியைப் பார், பிறகு சுவரைப் பார்

புதிதாக வருகிறவர்கள் பாறையின் முகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். பழகியவர்கள் முதலில் பின்பக்கமாக நடந்து உச்சிக்குப் போகிறார்கள். குடும்பத்துக்கு ஏற்ற பாறையை உச்சிதான் தீர்மானிக்கிறது.

சுற்றிக்கொண்டு நடந்தே மேலே போக வழி வேண்டும். மேலே, விளிம்பிலிருந்து தள்ளி, நம்பத்தகுந்த பிடிமானங்கள் குறைந்தது இரண்டு வேண்டும்; மூன்று என்றால் நிம்மதி. பாறையில் துளையிட்டுப் பதித்த எஃகு போல்ட் இருந்தால், அதைப் பதித்தவர் யார், எப்போது என்று கேட்க வேண்டும். மரம் என்றால் தொடையைவிடப் பருத்த, மண்ணில் ஆழமாக வேர்விட்ட பச்சை மரம். நம் குன்றுகளில் பாறை இடுக்கில் இச்சியும் ஆலும் பசேலென்று நிற்கும். பார்வைக்குப் பலசாலி, வேர் இருப்பதோ ஒரு சாண் மண்ணில். அதில் உயிரைக் கட்டக் கூடாது.

இரண்டு பிடிமானங்களையும் வார்களால் இணைத்து, நடுவில் ஒரு புள்ளிக்குக் கொண்டுவந்து அங்கேதான் கயிற்றைப் போடுவார்கள். ஒன்று விட்டாலும் மற்றது தாங்க வேண்டும். வார்களுக்கு இடையிலுள்ள கோணம் 60 டிகிரிக்குள் இருப்பது நல்லது. விரித்துக்கொண்டே போய் 120 டிகிரி ஆக்கினால் ஒவ்வொரு வாரும் முழுப் பாரத்தையும் சுமக்கும். இரண்டாகக் கட்டியும் பாரம் கொஞ்சம்கூடக் குறைந்திருக்காது. அந்த நடுப்புள்ளி விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்க வேண்டும், இல்லையென்றால் கயிறு கல்லில் உரசி உரசித் தேயும். வார் படும் விளிம்பில் தடித்த கித்தானோ சாக்கோ விரித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் சுவர். நேர்செங்குத்துக்குக் கொஞ்சம் சாய்ந்த முகமாக இருந்தால் பிள்ளைகளின் கால் நிற்கும். உயரம் முப்பதடி போதும், மூன்று மாடி. கறுப்பாகத் தோரணம் கட்டியது போல் தேனடை தொங்கினால், பெருந்தேனீ. வந்த வழியே திரும்பிவிட வேண்டும். நம் நாட்டுப் பாறைகளில் கயிறு அறுவதைவிட அதிகம் பயப்பட வேண்டியது இந்தத் தேனீக்கு. புகை, சென்ட் வாசனை, கூச்சல் எதுவும் அதற்கு ஆகாது. சுவருக்குக் கீழே சமதரை இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடையை விரிக்கவும் சின்னது ஓடி விளையாடவும் இடம், ஆனால் கல் விழும் எல்லைக்கு வெளியே.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் வானிலைச் செய்தியில் அடிக்கடி அடிபடும் பெயர் திருத்தணி. அந்த மாதங்களில் பாறையைத் தொட்டாலே கை சுடும். வடகிழக்குப் பருவமழையில் பாசி. ஆக, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் இந்தப் பக்கத்துக் கல் மனிதர் ஏறும் பதத்தில் இருக்கும். அதிலும் காலை பத்து மணிக்குள்.

லின் ஹில்லின் முடிச்சு

கருவிகளைப் பற்றி நிறையப் பேசலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். போர்வெல் மோட்டார் இறக்கும் நைலான் கயிறு, கடையில் கிலோ கணக்கில் கிடைப்பது, பாறையேற உதவாது. ஏறுவதற்கென்று செய்த கயிறு கொஞ்சம் நீண்டு கொடுத்து, விழும் வேகத்தை வாங்கிக்கொள்ளும். உலக மலையேற்றச் சம்மேளனமான யுஐஏஏ-யின் முத்திரையோ ஐரோப்பியத் தர முத்திரையோ அதில் இருக்கும். பூட்டு வளையமான கராபினரில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 22 கிலோநியூட்டன் என்றால் நீளவாக்கில் ஏறத்தாழ 2,200 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்கும். அதே வளையத்தின் வாய் திறந்திருந்தால் தாங்கும் அளவு மூன்றில் ஒன்றாகச் சரிந்துவிடும். அதனால்தான் திருகிப் பூட்டுகிறார்கள்.

முடிச்சுக்கு வருவோம். எட்டு வடிவ முடிச்சு. கயிற்று முனையிலிருந்து ஒரு கை நீளம் விட்டு எட்டுப் போல் ஒரு சுற்று. முனையை இடுப்பு வாரின் இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து, முதல் எட்டின் தடத்திலேயே திருப்பிக் கொண்டுவந்தால் இரட்டை எட்டு. இணைகோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் படிந்திருக்க வேண்டும். இழுத்து இறுக்கி, மிச்சமுள்ள வால் ஒரு சாணுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. பத்து வயதுப் பிள்ளை அப்பாவைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

இந்த ஒரு நிமிட வேலையை 1989-ல் பிரான்சின் பியூ பாறையில் லின் ஹில் பாதியில் விட்டுவிட்டார். அப்போதே உலகின் முன்னணிப் பாறையேறிகளில் ஒருவர். முடிச்சு போடும்போது கவனம் சிதறியது. உச்சிக்குப் போய்க் கயிற்றில் சாய்ந்ததும் முனை உருவிக்கொண்டது. எழுபது அடிக்கு மேல் விழுந்தவரை ஒரு மரக்கிளை காப்பாற்றியது. நான்கு ஆண்டு கழித்து, 1993-ல், கலிபோர்னியாவின் எல் கேப்பிடன் மலையில் ‘மூக்கு’ என்றே பெயர் கொண்ட வழியைக் கயிற்றில் தொங்கி இழுத்து ஏறாமல், கைகாலால் மட்டுமே ஏறி முடித்த முதல் மனிதர் ஆனார். கயிறு பாதுகாப்புக்கு மட்டும்.

அவருக்கே மறதி வரும் என்றால் நமக்கு? அதனால்தான் தரையை விட்டுக் கிளம்பும் முன் இருவரும் ஒருவரையொருவர் சோதிக்கும் வழக்கம் இருக்கிறது. ஏறுகிறவர் முடிச்சைக் காட்டுவார், பிடிக்கிறவர் பிலே கருவியையும் பூட்டிய வளையத்தையும் காட்டுவார். கண்ணால் பார்த்தால் போதாது, தொட்டு இழுத்துப் பார்க்க வேண்டும்.

குடும்பத்துக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. 80 கிலோ அப்பா மேலே, 48 கிலோ அம்மா கீழே. அப்பா வழுக்கினால் அம்மா தரையிலிருந்து கிளம்பி மேலே போவார். பிள்ளைகளுக்கு அது திருவிழா. அம்மாவின் முழங்கால் பாறையில் மோதுவது திருவிழா இல்லை. அம்மாவின் இடுப்பு வாரைப் பின்னாலிருக்கும் மரத்தோடு ஒரு வாரால் பிணைத்துவிட்டால் சரியாகிவிடும். இதற்கு நேர்மாறாக 20 கிலோக் குழந்தை உச்சியில் இருந்தால், விளிம்பு உராய்வில் கயிறு நகராமல், இறக்கினாலும் இறங்காமல் தொங்கும் சமயங்களும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு இடுப்பு வளராததால் வெறும் இடுப்பு வார் தலைகீழாகும்போது கழன்றுவிடலாம். தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழுவார் வேண்டும். முதல் ஆறேழு அடிக்குள் கயிற்றை இறுக்கமாகவே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கயிறு நீளும் நீளத்திலேயே கால் தரையில் மோதும்.

குழந்தை ‘இறக்கிவிடு’ என்றால் இறக்கிவிட வேண்டும். ‘இன்னும் ரெண்டடிதான், பக்கத்து வீட்டு ரம்யா ஏறிட்டாளே’ என்ற வசனம் பரீட்சை மதிப்பெண்ணோடு போகட்டும்.

இப்போதைக்கு எங்கே?

திருத்தணியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால், பெங்களூரைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டரில் ராமநகரா. 1975-ல் வந்த ‘ஷோலே’யில் கப்பர் சிங் உட்கார்ந்திருந்த கிரானைட் மலைகள். தென்னிந்தியப் பாறையேறிகள் பலருக்கு அரிச்சுவடி அங்கேதான். கர்நாடக அரசின் ஜெனரல் திம்மையா தேசிய சாகச அகாடமி பாறையேற்றப் பயிற்சி தருகிறது. அங்கேயும் எல்லாப் பாறையும் திறந்திருக்காது. ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம். கழுகுக்குத்தான் முதல் உரிமை. இன்னும் தொலைவில் பாதாமியின் சிவந்த மணற்கல்லும் ஹம்பியின் உருண்டைப் பாறைகளும் இருக்கின்றன. ஹம்பிப் பாறைகளில் பெரும்பாலும் கயிறில்லாமல் குட்டையாக ஏறுவதே வழக்கம் என்பதால், டாப் ரோப்புக்குப் போகிறவர்கள் ராமநகராவிலேயே நின்றுவிடலாம்.

தமிழ்நாட்டில் ஆளில்லை என்று சொல்ல முடியாது. எவரெஸ்ட்டில் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண்ணான முத்தமிழ்ச்செல்வி, அதற்கு முன்பே ஸ்ரீபெரும்புதூர் அருகே மலைப்பட்டுக் குன்றிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கிச் செய்தியானவர். ஆளும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. இல்லாதது, ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், அரசு அங்கீகரித்த பயிற்சியாளர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஏறக்கூடிய ஒரு பாறை.

இது நடக்காத காரியமில்லை. டார்ஜிலிங்கில், லெபாங் போகும் சாலையோரத்தில் டென்சிங் பாறை, கோம்பு பாறை என்று இரண்டு நிற்கின்றன. ஒன்று எவரெஸ்ட்டில் முதலில் ஏறிய டென்சிங் நோர்கேயின் பெயரில். மற்றது 1963-லும் 1965-லும் எவரெஸ்ட் ஏறி, இருமுறை உச்சி தொட்ட முதல் மனிதரான நவாங் கோம்புவின் பெயரில். 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனத்தின் மாணவர்கள் பழகும் பாறைகள். சுற்றுலா வந்த குடும்பங்களும் சிறு கட்டணம் கொடுத்து, கயிற்றில் ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

‘டிரெக் தமிழ்நாடு’வில் 40 நடைபாதைகளைத் திறந்த வனத்துறைக்கு 41-வதாக ஒரு பாறையைத் திறப்பது பெரிய வேலை இல்லை. கோயிலும் தொல்லியலும் தேனடையும் இல்லாத, பின்பக்கம் நடந்து ஏறக்கூடிய ஒரு குன்றைத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே புவியியலாளரையும் பாறையேற்றப் பயிற்சியாளரையும் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். நான்கு போல்ட், இரண்டு பயிற்சியாளர், ஒரு முதலுதவிப் பெட்டி, பக்கத்துக் கிராமத்து இளைஞர்களுக்கு வேலை. உயரம் முப்பதடி போதும்.